கடைசி நூறு மீட்டர்: தமிழக வீடுகளுக்கு இணையம் வந்த வழி

தமிழ்நாட்டில் வீட்டுக்கு இணைய இணைப்பை யாரிடம் வாங்குவது என்ற கேள்வி 1998க்கு முன்பு எழவே இல்லை. நாடு முழுவதற்கும் ஒரே அரசு நிறுவனம்தான் அதை விற்றது. அதன் பிறகு உரிமம் பெற்ற நிறுவனங்கள் பெருகின, விளம்பரங்கள் வந்தன, கட்டணம் இறங்கியது. இருந்தும், ஒரு குறிப்பிட்ட தெருவில் குடியிருப்பவருக்கு உண்மையில் கிடைத்த தேர்வு நெடுங்காலம் ஒன்றிரண்டைத் தாண்டவில்லை. உரிமத்தை டெல்லியில் வாங்கிவிடலாம். தெருமுனையிலிருந்து வீட்டு வாசல் வரைக்குமான கம்பி யார் கையில் இருந்ததோ, அவரே அந்த வீட்டின் இணைய நிறுவனமாக ஆனார். தமிழக வீடுகளின் இணைய வரலாற்றில் பெரும்பகுதி அந்தக் கம்பி கைமாறிய வரலாறுதான்.

முதல் கம்பி தொலைபேசிக்காகப் போடப்பட்டது. சென்னைக்குத் தொலைபேசி 1880களிலேயே வந்துவிட்டாலும், நடுத்தர வீடுகளுக்குள் அது நுழைய ஏறத்தாழ நூறாண்டு ஆயிற்று. 1980களில் விண்ணப்பம் கொடுத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பது சாதாரணம். பெருந்தொகையை முன்பணமாகக் கட்டி வரிசையில் முந்துவதற்கு ‘ஓ.ஒய்.டி.’ என்றொரு திட்டம் இருந்தது. அதிலும் காத்திருப்பு உண்டு. அப்படிக் கிடைத்த இணைப்பு என்பது எக்ஸ்சேஞ்சிலிருந்து புதைவடமாக வந்து, தெருமுனைப் பெட்டியில் பிரிந்து, கம்பம் வழியாக வீட்டுச் சுவரில் ஏறிய ஒரு ஜோடிச் செம்புக் கம்பி. மனிதக் குரலை மட்டும் மனத்தில் வைத்துப் போடப்பட்ட அந்தக் கம்பியே பின்னர் இருபது ஆண்டுகளுக்கு மேல் இணையத்தையும் சுமந்தது.

வீடுகளுக்கு வருவதற்கு முன்பே இணையம் கல்விக்கூடங்களுக்கு வந்திருந்தது. 1986இல் மத்திய மின்னணுவியல் துறை, ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு தொடங்கிய எர்நெட் வலையமைப்பில் சென்னை ஐஐடியும் இடம்பெற்றது. பேராசிரியர்களும் ஆய்வு மாணவர்களும் மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருந்த அந்த ஆண்டுகளில், வளாகத்துக்கு வெளியே இருந்தவர்களுக்கு அப்படியொன்று இருப்பதே தெரியாது.

பொதுமக்களுக்கான சேவையை வி.எஸ்.என்.எல். எனப்பட்ட விதேஷ் சஞ்சார் நிகம் 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. டெல்லி, பம்பாய், கல்கத்தா ஆகியவற்றோடு சென்னையும் முதல் நகரங்களில் ஒன்று. மாணவர்களுக்கு 500 ரூபாயில் ஒரு கணக்கு கிடைத்தது. அதில் எழுத்துகள் மட்டுமே திரையில் வரும், படம் வராது. படங்களோடு கூடிய முழு இணைப்பு வேண்டுமென்றால் தனிநபர் 250 மணி நேரத்துக்கு 15,000 ரூபாய் கட்ட வேண்டும். அதாவது மணிக்கு 60 ரூபாய். அது பலரின் சில மாதச் சம்பளம். இதோடு செலவு முடியவில்லை. மோடம் தொலைபேசி எண்ணைச் சுழற்றி இணைந்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் உள்ளூர் அழைப்பாகவும் கணக்காகும். இணையத்துக்கு ஒன்று, தொலைபேசிக்கு ஒன்று என வீட்டுக்கு இரண்டு செலவு வந்தது. இணையம் ஓடும் நேரத்தில் வெளியிலிருந்து யார் அழைத்தாலும் ‘எங்கேஜ்டு’ ஒலிதான் கேட்கும்.

டயல்-அப் மோடங்கள் பின்னாளில் எட்டிய உச்ச வேகம் நொடிக்கு 56 கிலோபிட். ஐந்து எம்பி அளவுள்ள ஒரு பாட்டை இறக்க, எல்லாம் ஒழுங்காக நடந்தால், கால் மணி நேரம் ஆகும். எல்லாம் ஒழுங்காக நடப்பது அரிது. மழையில் கம்பி நனைந்தால் இரைச்சல் கூடும், வேகம் பாதியாகும், இணைப்பு அறுபடும். மறுபடி சுழற்றினால் மறுபடி ஓர் அழைப்புக்குக் காசு.

1998 நவம்பரில் மத்திய அரசு அறிவித்த இணையச் சேவைக் கொள்கை வி.எஸ்.என்.எல்.லின் ஏகபோகத்தை முடித்தது. உரிமங்கள் மூன்று வகையாகப் பிரிக்கப்பட்டன: நாடு முழுவதற்கும் ‘ஏ’, ஒரு மாநில வட்டத்துக்கோ பெருநகருக்கோ ‘பி’, ஏறத்தாழ ஒரு மாவட்ட அளவிலான தொலைபேசிப் பகுதிக்கு ‘சி’. உரிமக் கட்டணம் முதல் ஐந்து ஆண்டுகளுக்குக் கிடையாது. அதற்குப் பிறகும் ஆண்டுக்கு ஒரு ரூபாய்தான். இவ்வளவு திறந்த மனத்தோடு இந்தியத் தொலைத்தொடர்பில் வேறெந்தக் கதவும் திறக்கப்பட்டதில்லை. அந்த மாதமே முதல் தனியார் சேவையைத் தொடங்கியது சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் இன்ஃபோவே. பின்னாளில் சிஃபி எனப் பெயர் மாற்றிக்கொண்ட அந்த நிறுவனம் 1999 அக்டோபரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச்சந்தையிலும் இடம்பிடித்தது. மணிக்கணக்கில் விற்கப்பட்ட இணைய அட்டைகள் கணினிக் கடைகளில் கிடைத்தன. உறையைக் கிழித்தால் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் இருக்கும். வாடிக்கையாளர் முதன்முறையாக விலையை ஒப்பிட்டார். ஆனால் எந்த அட்டையை வாங்கினாலும் அது வந்தது அதே அரசுத் தொலைபேசிக் கம்பியில்தான். எண்ணைச் சுழற்றி இணையும் முறையில் கம்பியின் உரிமையாளரும் இணையத்தை விற்பவரும் வெவ்வேறாக இருக்க முடிந்தது. அந்தப் பிரிவினை ஐந்தாறு ஆண்டுகளில் மறைந்துபோனது என்பது இந்த வரலாற்றின் முக்கியமான திருப்பம்.

தொலைபேசியே இல்லாத பெரும்பான்மையோருக்கு இணையம் என்றால் பிரவுசிங் சென்டர். தேர்வு முடிவு பார்க்கவும், வளைகுடாவில் இருக்கும் உறவினருக்கு மின்னஞ்சல் அனுப்பவும், அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கவும் மக்கள் மணிக்கணக்கில் காசு கொடுத்துத் தடுப்புப் பலகைகளுக்கு நடுவே உட்கார்ந்தார்கள். வீட்டு இணைப்பு பரவிய பிறகே இந்தக் கடைகள் ஜெராக்ஸ் கடைகளாகவும் இ-சேவை முகவர் கடைகளாகவும் உருமாறின.

செம்புக் கம்பியே போகாத ஊர்களுக்கு வழி தேடியது சென்னை ஐஐடி. அசோக் ஜுன்ஜுன்வாலா தலைமையிலான டெனெட் குழு உருவாக்கிய கார்டெக்ட் தொழில்நுட்பம் கோபுரத்திலிருந்து வானலை வழியாக வீட்டுக்குத் தொலைபேசியையும், நொடிக்கு 35 அல்லது 70 கிலோபிட் இணையத்தையும் ஒருசேரக் கொண்டுவந்தது. கம்பிக்கு ஆகும் செலவைக் குறைப்பதுதான் அதன் நோக்கம். இதைக் கொண்டு என்-லாக் நிறுவனம் கிராமங்களில் இணைய மையங்களை அமைத்தது. மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் ஹார்வர்டு, எம்ஐடி பல்கலைக்கழகங்களும் சேர்ந்து நடத்திய திட்டம் உலக அளவில் ஆய்வாளர்களின் கவனத்தைப் பெற்றது. மையங்கள் நெடுநாள் நிலைக்கவில்லை. ஆனால் ஒரு கிராமத்துக்கு இணையம் எதற்கு என்று நகரத்தவர் கேட்டுக்கொண்டிருந்த காலத்தில், மேலூர்க் கிராமங்களில் சான்றிதழ் விண்ணப்பமும் கண் மருத்துவ ஆலோசனையும் இணையம் வழியே நடந்தன என்பதை மறந்துவிடக் கூடாது.

செம்புக் கம்பியில் குரலுக்குத் தேவைப்படுவது அடியிலுள்ள நான்கு கிலோஹெர்ட்ஸ் மட்டுமே. அதற்கு மேலிருக்கும் அலைவரிசைகளில் தரவை அனுப்பினால், பேசிக்கொண்டே இணையத்திலும் இருக்கலாம். எண்ணைச் சுழற்றவும் வேண்டாம். டிஎஸ்எல் எனப்படும் இந்த முறையை இந்தியாவில் முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தவற்றுள் ஒன்று, சி. சிவசங்கரனின் சென்னை நிறுவனமான டிஷ்நெட். ஆனால் அதற்குச் சொந்தச் செம்புக் கம்பி பெரிதாக இல்லை. 2004இல் அதன் இணையப் பிரிவை வி.எஸ்.என்.எல். 270 கோடி ரூபாய்க்கு வாங்கிக்கொண்டது. அதற்குள் வி.எஸ்.என்.எல்.லும் அரசின் கையில் இல்லை. 2002 பிப்ரவரியில் டாடா குழுமத்துக்குப் போய்விட்டிருந்தது.

இதே ஆண்டுகளில் கடல் பக்கமிருந்த இறுக்கம் தளர்ந்தது. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே பார்தியும் சிங்டெல்லும் போட்ட ஐ2ஐ கடலடி வடம் 2002இல் இயங்கத் தொடங்கியது. அடுத்து டாடாவின் வடம் 2004இல் வந்தது. 2005 இறுதியில் சீ-மீ-வீ 4 என்ற வடம் மும்பையோடு சென்னையிலும் கரையேறியது. உள்நாட்டுப் போக்குவரத்து வெளிநாடு சுற்றி வராமலிருக்க 2003இல் நிறுவப்பட்ட நிக்ஸி அமைப்பின் முதல் பரிமாற்ற மையங்களில் ஒன்றும் சென்னையில் அமைந்தது. ஆக, ஊர் எல்லை வரை அலைவரிசை தாராளமாக வந்துவிட்டது. நெருக்கடி தெருவுக்குள் இருந்தது.

அந்த நெருக்கடியைத் தீர்க்கக் கிடைத்த ஒரு வாய்ப்பு 2004இல் நழுவியது. அரசு நிறுவனத்தின் செம்புக் கம்பியை வாடகைக்கு எடுத்து மற்றவர்களும் அதில் இணையம் விற்கலாம் என்று, அவ்வாண்டு ஏப்ரலில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பரிந்துரைத்தது. பிரிட்டனில் இம்முறை ஏற்கப்பட்டு, ஒரே கம்பியில் பல நிறுவனங்கள் போட்டியிட்டன. இங்கே, அக்டோபர் 14 அன்று வெளியான பிராட்பேண்ட் கொள்கை அதைக் கட்டாயமாக்கவில்லை. நிறுவனங்கள் தங்களுக்குள் ஒப்பந்தம் செய்துகொள்ளலாம் என்பதோடு நிறுத்திக்கொண்டது. அப்படிப்பட்ட ஒப்பந்தம் வீட்டு வாசல்களை எட்டவில்லை. நொடிக்கு 256 கிலோபிட்டும் அதற்கு மேலும் கிடைத்தால் அது பிராட்பேண்ட் என்று வரையறுத்த அந்தக் கொள்கை, 2010 இறுதிக்குள் 2 கோடி இணைப்புகள் என்று இலக்கு வைத்தது. 2010 முடிந்தபோது எண்ணிக்கை அதில் பாதியைச் சற்றே தாண்டியிருந்தது. கம்பியைப் பகிர மறுத்த முடிவுக்கு இதில் பெரிய பங்கு உண்டு.

அரசுத் தொலைபேசிக் கம்பிகளை வைத்திருந்த பி.எஸ்.என்.எல். 2005 ஜனவரியில் டேட்டாஒன் என்ற பெயரில் பிராட்பேண்டைத் தொடங்கியது. தமிழகத்தின் சிறு நகரங்கள் வரை எக்ஸ்சேஞ்சும் கம்பியும் அதனிடம் மட்டுமே இருந்தன. சென்னையில் பார்தி நிறுவனம் டச்டெல் என்ற பெயரில் 2000களின் தொடக்கத்தில் போட்ட தரைவழிக் கம்பிகள், பின்னர் ஏர்டெல்லாகி, சில பகுதிகளில் மாற்றுவழி தந்தன. மற்ற இடங்களில் இருப்பது ஒன்றுதான் என்பதால், மக்கள் நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை, திட்டத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். மாதம் 250 ரூபாய்த் திட்டத்தில் தொடக்கத்தில் கிடைத்தது 400 எம்பி. 256 கிலோபிட் வேகத்தில் முழுமூச்சாக இறக்கினால் அது நான்கு மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும். அதற்கு மேல் ஒவ்வொரு எம்பிக்கும் தனிக் காசு. 2007ஐ பிராட்பேண்ட் ஆண்டு என அறிவித்த மத்திய அரசு, அந்த ஜனவரி முதல் வேகத்தை 2 எம்பிபிஎஸ் வரை உயர்த்தியது. வேகம் எட்டு மடங்கானது. எல்லை அதே விகிதத்தில் ஏறவில்லை. பல வீடுகளில் அளவை மீறிய மாதத்தின் பில் ஆயிரங்களில் வந்து அதிர்ச்சி தந்தது.

500 ரூபாய்த் திட்டம் மக்கள் நினைவில் நின்றதற்குக் காரணம் அதன் இரவுச் சலுகை. அதிகாலை 2 மணி முதல் 8 மணி வரை எவ்வளவு இறக்கினாலும் கணக்கில்லை. ஒரு தலைமுறை இளைஞர்கள் 2 மணிக்கு அலாரம் வைத்து எழுந்து பதிவிறக்கத்தைத் தொடங்கிவிட்டு மறுபடி தூங்கினார்கள். நேரம் குறித்துத் தானே இயங்கும் மென்பொருள்களும் புழக்கத்துக்கு வந்தன. திரைப்படங்களும் பாடங்களும் பென்டிரைவில் நண்பர் வட்டம் முழுக்கச் சுற்றின. அளவிட்டு விற்கப்பட்ட இணையத்தை மக்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொண்ட விதம் அது.

டிஎஸ்எல்லில் இன்னொரு ஏற்றத்தாழ்வு மறைந்திருந்தது. எக்ஸ்சேஞ்சிலிருந்து தூரம் கூடக்கூட உயர் அலைவரிசைகள் தேய்ந்துபோகும். இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வேகம் சரியும்; ஐந்து கிலோமீட்டரில் இணைப்பு நிலைப்பதே கடினம். ஒரே கட்டணம் கட்டிய இரண்டு வீடுகளுக்கு ஒரே சேவை கிடைக்கவில்லை. பழைய நகரப் பகுதியில் எக்ஸ்சேஞ்சுக்குப் பக்கத்து வீடு வேகமாக இயங்க, புறநகரில் புதிதாக எழுந்த குடியிருப்பு தவித்தது. எந்த இணைப்பு நல்லது என்ற கேள்விக்கு அந்தப் பகுதி லைன்மேன் சொல்லும் பதிலே நம்பத்தக்கதாக இருந்தது.

தெருவுக்குள் இன்னொருவரும் கம்பி வைத்திருந்தார். 1990களின் தொடக்கத்தில் செயற்கைக்கோள் தொலைக்காட்சி பரவியபோது, மொட்டைமாடிக்கு மொட்டைமாடி வடம் இழுத்து வீடுகளை இணைத்தவர் கேபிள்காரர். 1995ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சிச் சட்டப்படி அவர் தலைமை அஞ்சலகத்தில் பதிவு செய்துகொண்டால் போதும். பெரும் முதலீடும் அரசுக் கம்பமும் இல்லாமல், மரக்கிளையையும் மின்கம்பத்தையும் மாடிச் சுவரையும் துணையாகக் கொண்டு உருவான வலை அது. மாதம் பிறந்தால் வீடு வீடாகப் போய்ப் பணம் வாங்குவதால் ஒவ்வொரு குடும்பமும் அவருக்குப் பழக்கம். ஹாத்வே போன்ற நிறுவனங்கள் அந்தத் தொலைக்காட்சி வடத்திலேயே இணையத்தை ஏற்றின. ஆனால் ஒருவழிப் போக்குவரத்துக்காகப் போடப்பட்ட வடத்தை இருவழியாக்க, வழிநெடுக உள்ள சமிக்ஞைப் பெருக்கி போன்ற கருவிகளை எல்லாம் மாற்ற வேண்டியிருந்தது. அது செலவு பிடித்த வேலை.

சிஃபி வேறு வழியில் சென்றது. கேபிள்காரரைக் கூட்டாளியாக்கி, அலுவலகங்களில் கணினிகளை இணைக்கும் ஈதர்நெட் கம்பியையே தெருக்களில் இழுக்க வைத்தது. அந்தக் கம்பியில் சமிக்ஞை செல்லும் எல்லை நூறு மீட்டர். நூறு மீட்டருக்கு ஒருமுறை யாரோ ஒருவர் வீட்டு மாடிப்படியின் கீழோ தண்ணீர்த் தொட்டியின் அடியிலோ ஒரு ஸ்விட்ச் பெட்டி. அதற்கு மின்சாரம் அந்த வீட்டிலிருந்தே. அந்த வீட்டில் மின்சாரம் போனால் பத்து வீடுகளில் இணையம் போகும். இடி இடித்தால் ஸ்விட்சோடு சேர்ந்து கணினியின் லேன் போர்ட்டும் எரியும். குறைகள் இத்தனை இருந்தும், தொலைபேசி இல்லாத வீட்டுக்கும் இணையம் கிடைத்தது. பழுதென்றால் அழைக்கப் பெயர் தெரிந்த ஆள் ஒருவர் இருந்தார். இந்த மனித உறவுக்கு எந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை எண்ணும் ஈடாகவில்லை.

ஆயினும் கேபிள் உலகில் ஒரு தெருவுக்கு ஒரே ஆபரேட்டர் என்ற எழுதப்படாத எல்லைக்கோடு இருந்தது. பெரிய விநியோக நிறுவனங்களின் ஆதிக்கமும் அரசியலும் அதில் கலந்தன. 2007இல் தி.மு.க. அரசு தொடங்கி, பின்னர் முடங்கிப்போய், 2011இல் அ.தி.மு.க. ஆட்சியில் மாதம் 70 ரூபாய்க் கட்டணத்தோடு உயிர்பெற்ற அரசு கேபிள் நிறுவனமே அதற்குச் சான்று. அந்த நிறுவனம் பின்னாளில் இணையத்தையும் வழங்கியது. தொலைக்காட்சியில் பெற்ற இடத்தை அதில் பெறவில்லை. பக்கத்திலேயே கேரளத்தில் சிறு கேபிள் ஆபரேட்டர்கள் ஒன்றுதிரண்டு கேரளா விஷன் என்ற தங்கள் சொந்த நிறுவனத்தை வளர்த்து, நாட்டின் பெரிய கம்பிவழி இணைய நிறுவனங்களின் வரிசையில் சேர்த்தார்கள். தமிழக ஆபரேட்டர்களிடம் கம்பியும் வாடிக்கையாளரும் இருந்தும் அப்படியொரு திரட்சி உருவாகாமல் போனது பெரிய இழப்பு.

2010களில் கண்ணாடி இழை தெருக்களுக்கு வந்தது. எக்ஸ்சேஞ்சிலிருந்து புறப்படும் ஓர் இழை, மின்சாரமே தேவைப்படாத ஒரு சிறு பிரிப்பானில் 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரியும். 20 கிலோமீட்டர் தூரம்கூடப் பொருட்டில்லை. மாடிப்படி ஸ்விட்சுகளும் இடிக்குப் பயந்த காலமும் மெல்ல முடிந்தன. பெங்களூரைச் சேர்ந்த ஆக்ட் நிறுவனம் பத்தாண்டின் நடுப்பகுதியில் சென்னையில் இறங்கியபோது, பல பகுதிகளில் முதன்முறையாக உண்மையான போட்டி தெரிந்தது. ஏற்கெனவே இருந்த நிறுவனங்கள் அதே கட்டணத்தில் வேகத்தைப் பல மடங்கு உயர்த்தின. சிறு நகரங்களிலோ பாதை வேறு. தண்டவாளங்களை ஒட்டி இழை போட்டிருந்த ரயில்டெல் நிறுவனம், ரயில்வயர் என்ற பெயரில் உள்ளூர்க் கேபிள்காரர்களோடு வருமானத்தைப் பங்கிட்டு வீடுகளை எட்டியது. பி.எஸ்.என்.எல்.லும் தன் இழைச் சேவைக்கு அதே கூட்டாளிகளையே நாடியது. பெயர்ப்பலகை மாறினாலும் கம்பி இழுத்தவரும் பழுது பார்த்தவரும் பல ஊர்களில் பழைய கேபிள்காரரே.

அதே காலத்தில் ‘அன்லிமிடெட்’ என்ற சொல் விளம்பரங்களை நிறைத்தது. குறித்த அளவைத் தாண்டினால் வேகத்தைக் குறைக்கும் எஃப்யுபி விதி அதற்குள் அடங்கியிருந்தது. அந்த அளவையும் குறைந்த பின் கிடைக்கும் வேகத்தையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று டிராய் 2012இல் உத்தரவிட்டது. குறைந்த வேகம் 512 கிலோபிட்டுக்குக் கீழே போகக் கூடாது என்று 2016இல் வரம்பு கட்டியது. பிராட்பேண்டின் வரையறையும் 2013இல் 512 கிலோபிட்டாகவும் 2023 ஜனவரியில் 2 எம்பிபிஎஸ்ஸாகவும் ஏறியது. வீடுகளுக்கு விற்கப்படும் வேகத்தோடு ஒப்பிட்டால் இது இன்னும் மிகத் தாழ்ந்த வரம்பு.

இழை தெருவுக்கு வந்தாலும் அது தொங்கியது அதே கம்பங்களில். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோது, சாய்ந்த ஆயிரக்கணக்கான மரங்களும் மின்கம்பங்களும் தலைக்கு மேல் சென்ற வடங்களை இழுத்துக்கொண்டு விழுந்தன. சாலையை வெட்டிப் புதைக்க மாநகராட்சி அனுமதியும் பெருங்கட்டணமும் வேண்டும் என்பதால், மறுபடியும் தலைக்கு மேலேயே இழுத்தார்கள்.

ரிலையன்ஸ் ஜியோ 2019 செப்டம்பர் 5 அன்று வீட்டு இணையத்தைத் தொடங்கியபோது குறைந்த கட்டணம் மாதம் 699 ரூபாய். அடுத்த ஆண்டே 399 ரூபாய்க்கு 30 எம்பிபிஎஸ் என்ற திட்டம் வந்தது, மற்றவர்களும் இறங்கி வந்தார்கள். அதற்கு முன் 2018 அக்டோபரில் ஜியோவின் தாய் நிறுவனம் ஹாத்வே, டென் ஆகிய கேபிள் நிறுவனங்களின் பெரும்பங்கை வாங்க முடிவு செய்ததைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். நாட்டின் மிகப் பெரிய முதலீட்டாளருக்கும் வீட்டு வாசலை எட்டக் கேபிள்காரர் தேவைப்பட்டார்.

2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்தபோது பள்ளியும் அலுவலகமும் வீட்டுக்குள் நுழைந்தன. இணைப்பு இல்லாத வீட்டின் நிலை அப்பட்டமாகத் தெரிந்தது. 2021 ஜனவரியில் தமிழக அரசு ஏறத்தாழ 9.69 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு நாளொன்றுக்கு 2 ஜிபி தரவுடைய சிம் அட்டைகளை இலவசமாக வழங்குவதாக அறிவித்தது. கம்பிக்குப் பதிலாகக் கைபேசி அட்டையைக் கொடுக்க வேண்டியிருந்தது என்பதே கம்பி எங்கெல்லாம் போகவில்லை என்பதைக் காட்டியது. மாநிலத்தின் 12,525 ஊராட்சிகளுக்கும் இழை கொண்டுசெல்லும் பாரத்நெட் பணி, ஒப்பந்தப்புள்ளிச் சர்ச்சைகளால் தாமதப்பட்டு, மாநில அரசின் டான்ஃபிநெட் நிறுவனத்தின் மூலம் அதன் பிறகே வேகம் பிடித்தது. 2024 இறுதியில் நாடு முழுவதும் கம்பிவழி பிராட்பேண்ட் இணைப்புகள் சுமார் 4 கோடி. கைபேசி வழியாக இணைந்தவர்கள் 90 கோடி.

நகரங்களில் கட்டுப்பாடு இப்போது தெருவிலிருந்து கட்டடத்துக்குள் நகர்ந்துள்ளது. அடுக்ககங்களில் கட்டுநரோ குடியிருப்போர் சங்கமோ ஒரே நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, மற்றவர்களுக்குக் குழாய்வழியைத் தர மறுப்பதுண்டு. கட்டடங்களுக்கு இணைய வசதி அடிப்படையில் தரமதிப்பீடு வழங்கும் விதிமுறைகளை டிராய் 2024 அக்டோபரில் வெளியிட்டது. வீடு வாங்குவோர் அதைக் கேட்டுப் பெறும் பழக்கம் இனிமேல்தான் உருவாக வேண்டும்.

கம்பியையே தவிர்க்கும் முயற்சியும் திரும்பி வந்துள்ளது. 2023 செப்டம்பர் 19 அன்று ஜியோ ஏர்ஃபைபர் தொடங்கிய எட்டு நகரங்களில் சென்னையும் ஒன்று. ஏர்டெல் அதற்கு முந்தைய மாதமே டெல்லியிலும் மும்பையிலும் தொடங்கியிருந்தது. மாடியில் வைக்கும் ஒரு சிறு பெட்டி 5ஜி கோபுரத்திலிருந்து அலையை வாங்கி வீட்டுக்குள் தருகிறது. இழை அளவுக்கு நிலையான வேகம் இதில் இல்லை. ஒரே கோபுரத்தைப் பலர் பகிரும் மாலை நேரத்தில் வேகம் தளரும். ஆனால் கார்டெக்ட் காலத்தில் கிடைத்த 70 கிலோபிட் எங்கே, இதில் கிடைக்கும் 100 எம்பிபிஎஸ் எங்கே. ஒரே கம்பி மட்டும் எட்டிய தெருக்களிலும் எந்தக் கம்பியும் எட்டாத புறநகர் மனைகளிலும் இன்று வீட்டுக்காரர் விசாரிக்கும் இரண்டாவது பெயர் பெரும்பாலும் இதுதான்.